கழற்றுவதற்கு முன்

சென்ற டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையில் கறிச்சட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு என் மகள் 4 தாள்களை விரித்தாள். எக்செலில் போட்டு அச்செடுத்த பட்டியல். மொத்தம் 63 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருளின் பெயர், அதை எங்கே வாங்குவது, என்ன விலை, எந்தத் திகதிக்குள் கையில் கிடைக்கவேண்டும் என்ற விபரம். என் அண்ணாவின் 1998 ஹொண்டா சிவிக் காரிலிருந்து எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இறக்கிவிட்டு, அக்யூரா இன்ரெக்ரா ஒன்றின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பூட்டுவது அவளுடைய திட்டம். அவளுக்கு வயது 22. அதுவரை தனியே செய்த ஆகப்பெரிய வேலை, பிரேக் கட்டைகள் மாற்றியது.

"ஓடுற காரை ஏன் பிள்ளை கழட்டுறாய்?" என்று கேட்டேன்.

"அது ஓடேல்லை அப்பா. சமாளிக்குது" என்றாள்.

அந்தப் பதில் பல வாரங்கள் என்னை விட்டுப் போகவில்லை. அவளுக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் காசையும் நேரத்தையும் பற்றியவை. சொல்லாத காரணம் வேறு. அதை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நான் கேட்க நினைத்தது இதுதான்: இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கழற்ற ஒருவருக்கு எப்போது உரிமை வருகிறது?

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணா அதை 2001 இல், முதல் சொந்தக்காரரிடமிருந்து வாங்கினார். அதன் சட்டக எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் இலக்கம் 2. கனடாவில் செய்யப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. ரொறன்ரோவுக்கு வடமேற்கே அலிஸ்ரனில் இருக்கும் தொழிற்சாலையில் பிறந்த கார். ஸ்காபரோவில் இரவு வேலைக்குப் போய்வந்தே 20 வருடங்களில் 340,000 கிலோமீற்றர் ஓடியது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அண்ணா அதன் அடிப்பாகத்துக்குத் துரு பிடிக்காத எண்ணெய் அடிப்பித்தார். இந்த நாட்டில் தெருவில் கொட்டும் உப்பு முதலில் தின்பது காரின் உடலைத்தான். எஞ்சின் நல்லபடி இருக்க, உடல் உக்கிப்போய் எத்தனையோ கார்கள் முறிப்புக்குப் போகின்றன. அண்ணாவின் காரில் இது மறுவளமாக நடந்தது. உடல் பிசகாமல் இருந்தது. எஞ்சின் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எண்ணெய் குடித்தது.

ஜனவரியில் மகளும் நானும் கராஜுக்குள் ஒரு சின்ன மின்கணப்பை வைத்துக்கொண்டு அமுக்கப் பரிசோதனை செய்தோம். எஞ்சினைச் சூடாக்கி, 4 பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மானியைத் திருகிப் பார்ப்பது. 165, 160, 110, 160. ஹொண்டா சொல்லும் ஆகக்குறைந்த அளவு 135. சிலிண்டருக்குச் சிலிண்டர் 28க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தபோது 145க்கு ஏறியது. வால்வில் பிழை இருந்தால் எண்ணெய் விட்டும் ஏறாது. ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சமாளிக்குது என்று அவள் சொன்னது சரி.

திட்டத்தையும் குறை சொல்ல முடியவில்லை. அண்ணாவின் காரில் இருப்பது டி16 வகை எஞ்சின், 1.6 லீற்றர், 106 குதிரைவலு. மகள் பார்த்துவைத்திருந்தது பி18, 1.8 லீற்றர், 142 குதிரைவலு. பிற்பாதி முழுக்கத் துருப்பிடித்த ஓர் இன்ரெக்ராவில் அது இருந்தது. இரண்டு எஞ்சின்களும் ஒரே திசையில், இடஞ்சுழியாகச் சுழல்பவை. கியர்பொக்ஸும் இரண்டிலும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. பின்னர் வந்த கே வகை எஞ்சின்கள் மறுதிசையில் சுழல்பவை. அவற்றை இந்த உடலுக்குள் இருத்துவது இதைவிடக் கடினமான வேலை. முதன்முதலாகச் செய்பவர் பி18 ஐத் தேர்ந்ததில் அடக்கம் இருந்தது.

ஆனாலும் உறவுக்காரர் என்பதற்காக எல்லாம் பொருந்திவிடாது. எஞ்சின் தாங்கிகள் மாறவேண்டும். சில்லுக்குப் போகும் அக்சில்கள் மாறவேண்டும். இன்ரெக்ராவில் நடுவில் ஒரு துண்டுத் தண்டும் உண்டு. கியர்த் தடியிலிருந்து போகும் இணைப்பு மாறவேண்டும். கியர்பொக்ஸ் 1994க்குப் பிந்திய இன்ரெக்ராவினுடையதாக இருக்கவேண்டும். அதற்கு முந்தியவற்றில் கிளச் கம்பியால் இழுபடுவது. சிவிக்கில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. கணினியின் செருகிகள் 1998 சிவிக்கில் ஒருவிதம், 1999 இல் வேறுவிதம். எஞ்சின் வெளியே இருக்கும்போதே ரைமிங் பெல்ற், தண்ணீர்ப் பம்பி, கிராங் தண்டின் பின் சீல், கிளச் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடவேண்டும். பி18 இல் அந்த பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எஞ்சின் அத்தோடு சரி. இதெல்லாம் அவளுடைய பட்டியலில் இருந்தது. பிரேக்கும் இருந்தது. கூடுதலாக ஓடக்கூடிய கார் கூடுதலாக நிற்கவும் வேண்டும் என்று, இன்ரெக்ராவின் பெரிய முன் பிரேக்குகளையும் சேர்த்திருந்தாள்.

காப்புறுதி என்றும் ஒரு வரி இருந்தது. "பொனற்றைத் திறந்தால்தானே தெரியும், ஏன் சொல்லுவான்?" என்று அவளுடைய சிநேகிதன் ஒருவன் சொல்லியிருக்கிறான். வெளித்தோற்றத்தில் அது பழைய நாலு கதவுச் சிவிக்காகத்தான் இருக்கும். "சொல்லுறன். நான் ஆரையும் இடிச்சால் அவைக்குத்தானே காசு கிடைக்காமல் போகும்" என்றாள். புகை விஷயத்திலும் அப்படித்தான். ஒன்ராறியோவில் டிறைவ் கிளீன் பரிசோதனை 2019 இல் நிறுத்தப்பட்டது. புகையைச் சுத்தமாக்கும் உறுப்பை எடுத்துவிட்டால் பிடிபடும் வாய்ப்பு இப்போது குறைவு. எடுப்பது இன்றும் சட்டவிரோதம். பிடிபடமாட்டோம் என்பதை அவள் ஒரு காரணமாக எடுக்கவேயில்லை.

இவ்வளவு நிதானமாகத் திட்டமிடுபவளை மறிக்க எனக்கு என்ன நியாயம் இருந்தது?

யாழ்ப்பாணத்தில் 1993 இலிருந்து ஒரு கராஜில் நான் கையாளாக இருந்தேன். பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் துளிக்கணக்கில்தான் கிடைக்கும். சில துளியை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெள்ளைப் புகை போகும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைக் கரைக்கும். வளையங்களும் பெயரிங்குகளும் தேயும். அங்கே தெருவுக்கு உப்புப் போடுவதில்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் 40 வருடம் போனாலும் உடல் குலையாமல் நிற்கும், எஞ்சின்தான் சாகும். அதனால் எஞ்சின் மாற்றுவது எங்களுக்கு அன்றாடத் தொழில். மொறிஸ், ஒஸ்ரின் கம்பனிகள் 1952 இல் ஒன்றாகச் சேர்ந்தபின் மொறிஸ் மைனருக்குள் வந்ததே ஒஸ்ரினின் எஞ்சின்தான். ஆகையால் ஒன்றின் வயிற்றில் இருந்ததை மற்றதற்குப் பூட்டுவதில் பெரிய வித்தை இல்லை. வேப்பமரக் கிளையில் செயின் புளொக்கைத் தொங்கவிட்டுத் தூக்குவோம். எது கிடைக்கிறதோ அது. திட்டம் என்ற சொல்லை அந்தக் கராஜில் நான் கேட்டதில்லை.

எங்கள் பாஸுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. "கழட்டுறதெண்டால், பூட்டவேண்டிய சாமான் முழுக்க மேசையிலை இருக்கோணும்." கழற்றும் நட்டுகளைக் கழற்றிய ஒழுங்கில் பால்மா ரின்களில் போட்டு வைக்கச் சொல்வார். "கழட்டுறது பெரிய வேலையில்லையடா. கழட்டின வாகனத்துக்குப் பக்கத்திலை நிக்கிற மனிசன்ர முகத்தைப் பாக்கிறதுதான் பெரிய வேலை."

1995 ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு மாஸ்ரர் தன் மொறிஸ் மைனரைக் கொண்டுவந்தார். இளைப்பாறியவர். மனைவி பாரிசவாதத்தில் படுக்கையாகி இரண்டு வருடம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மட்டும்தான் அந்தக் காரை எடுப்பார். முதல் கியரில் எடுக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வருவதாகச் சொன்னார். பாஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப விடுங்கோ மாஸ்ரர், ஓடுதுதானே" என்றார். வலிகாமத்தின் கிழக்குப் பக்கம் சண்டை தொடங்கியிருந்தது. ஷெல் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு வயது 19. ஒரு கார் முழுவதையும் தனியே செய்து காட்டவேண்டும் என்ற ஆசை. "கிளச்சாத்தான் இருக்கும் மாஸ்ரர், கழட்டிப் பாப்பம். மூண்டு நாள்" என்றேன். அவர் பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். பாஸும் ஏனோ மறிக்கவில்லை. முன்பக்கத்தைப் பனங்குற்றிகளில் ஏற்றி, சில்லுகளைக் கழற்றி, எஞ்சினை இறக்கினேன். கிளச் தட்டு தேய்ந்துதான் இருந்தது. மாற்றுத் தட்டு கையில் இல்லை. ஒருவர் இரண்டு நாளில் கொண்டுவருவதாகச் சொன்னார். இரண்டு நாள் ஒரு கிழமையானது.

ஒக்ரோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருத்தெருவாக வந்தது. எல்லோரும் தென்மராட்சிக்கு வெளியேறவேண்டும். அந்த இரவைப் பற்றி இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த இலட்சக்கணக்கான சனம். நான் என் அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். காரைப் பற்றி விடியும்வரை நினைக்கவேயில்லை. நினைத்தபோது நாங்கள் பாலத்தைத் தாண்டியிருந்தோம்.

மாஸ்ரர் அன்றிரவு கராஜுக்கு வந்திருக்கிறார். கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது. பிறகு அயலவர்கள் ஒரு கைவண்டிலில் அவர் மனைவியைப் படுக்கவைத்து, மேலே பொலித்தீன் விரிப்பால் மூடித் தள்ளியிருக்கிறார்கள். அந்தச் சனத்துக்குள் கார் வேகமாகப் போயிருக்காது என்பது எனக்குத் தெரியும். அது ஓடியிருக்கவே தேவையில்லை. தள்ளிக்கொண்டு போயிருந்தாலும் ஒரு கூரை இருந்திருக்கும். அந்த அம்மா 11 நாட்களின் பின், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இறந்துபோனார்.

சாவகச்சேரியில் தண்ணீருக்கு நின்ற வரிசையில் மாஸ்ரரைக் கண்டேன். ஒளிக்க இடமில்லை. கிட்ட வந்து என் தோளில் கைவைத்தார். "தம்பி, அந்தச் சத்தம் என்னெண்டு கண்டுபிடிச்சீரோ?" என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். "கிளச்தான் மாஸ்ரர்" என்றேன். "அப்ப நீர் சொன்னது சரி" என்றுவிட்டுப் போனார்.

இதை 29 வருடங்களாக நான் யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தெரியாது. மகளுக்குச் சொன்னேன், அமுக்கப் பரிசோதனை செய்த அன்று, பிளக்குகளைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கையில்.

அவள் உடனே ஆறுதல் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு தத்துவப் பாடத்தைப் பற்றிச் சொன்னாள். பேர்னாட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976 இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு லொறிச் சாரதி வருகிறான். எந்தப் பிழையும் விடாமல் ஓட்டிக்கொண்டு போகிறான். குழந்தை ஒன்று லொறியில் அடிபட்டு இறக்கிறது. பார்த்து நின்றவர்களின் வருத்தமும் அவனுடைய வருத்தமும் ஒன்றல்ல என்கிறார் வில்லியம்ஸ். 'உன்னில் பிழையில்லை' என்று நாம் அவனைத் தேற்றுவோம், தேற்றவும் வேண்டும். ஆனால் அவன் சட்டென்று தேறிவிட்டால் அவனைப் பற்றி நமக்கே ஒரு மாதிரி இருக்கும். செய்தவனுக்கென்று ஒரு தனிவருத்தம் உண்டு. அது குற்ற உணர்வும் அல்ல, வெறும் கவலையும் அல்ல.

"நீங்கள் அந்த லொறிக்காரனோ அப்பா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். முழுக்க இல்லை. அவன் எல்லாம் சரியாகச் செய்தவன். என்னிடம் ஒரு சட்டம் சொல்லித் தரப்பட்டிருந்தது, சாமான் மேசையில் இருக்கவேண்டும் என்று. ஷெல் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சினை இறக்கும் ஆசையில் இரண்டையும் தள்ளிவைத்தேன். அந்த இரவு வரும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தக் கார் எதற்காக இருக்கிறது என்பதை மாஸ்ரர் எனக்குச் சொல்லியிருந்தார். என் பிழை அவ்வளவுதான். அந்தச் சின்னப் பிழை இவ்வளவு பெரியதில் போய் முடிந்தது என் கையில் இருக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு 29 வருடங்களும் ஒரு பிள்ளையின் கேள்வியும் தேவைப்பட்டிருக்கின்றன.

பிரிக்காமல் இருந்த காலம் முழுவதும் அந்த இரவிலிருந்து நான் ஒரு நீதியை எடுத்து வைத்திருந்தேன்: ஓடுறதைத் தொடாதே. வேலையில், வீட்டில், மனிதர்களோடு, எல்லாவற்றிலும். பட்டறிவு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அது பயம். பயம் நல்ல ஆலோசகனாக இருக்கலாம், ஆனால் அது எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது.

அந்த நீதி அண்ணாவிடமும் இருந்தது. எங்கள் ஆட்கள் பலரிடம் இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்போம். 2021 கோடையில் அண்ணாவுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. போய்க் காட்டுங்கோ என்றால், "ஓடுதுதானே, கிண்டினால் எதையாவது கண்டுபிடிப்பாங்கள்" என்பார். நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த நவம்பரில், இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கையில் விழுந்தவர் எழும்பவில்லை. கழற்றியதால் வந்த இழப்பு ஒன்றை நான் சுமந்தேன். கழற்றிப் பார்க்காமல் விட்டதால் வந்த இழப்பை யாரும் என் கணக்கில் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. தொடாமல் விடுவதும் ஒரு செயல்தான். அதற்குச் சாட்சி இருப்பதில்லை என்பதால் அது நல்லதாகத் தோன்றுகிறது.

ஆகவே கேள்வி மாறியது. கழற்றலாமா என்பது அல்ல. யாரைக் கேட்டு, எதைக் கையில் வைத்துக்கொண்டு?

சட்டப்படி கார் மகளுடையது. அண்ணி எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஒன்ராறியோவில் ஒரு கார் எந்தக் கார் என்பதை அதன் சட்டக எண்ணே தீர்மானிக்கிறது; எஞ்சினை மாற்றினாலும் அது அதே கார். இலங்கையில் பதிவுப் புத்தகத்தில் செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் இரண்டும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் போய் அறிவிக்கவேண்டும். பாளியில் உள்ள மிலிந்தனின் கேள்விகளில், நாகசேனர் என்ற பிக்கு அரசனிடம், நீ வந்த தேர் எது, அச்சா, சில்லா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமே தேர் இல்லை, தேர் என்பது எல்லாம் கூடியதற்கு நாம் வைத்த பெயர் என்று காட்டுவார். மூன்றும் மூன்று விதமான பதில்கள். எங்களுக்குத் தேவைப்பட்ட பதில் மார்க்கத்தில் இருந்தது, அண்ணி வீட்டில்.

மகள் நேராகக் கேட்டாள். "பெரியம்மா, பெரியப்பாவின்ர காரின்ர எஞ்சினைக் கழட்டட்டோ?"

அண்ணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அந்தச் சத்தம் இல்லாமல் போயிடுமோ?" என்றார்.

20 வருடங்கள் விடிய 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்புவது அவருக்குப் படுக்கையில் கேட்டிருக்கிறது. பனிப்புயல் நாட்களில் அது கேட்கும்வரை நித்திரை வராது. கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவாராம். எங்களுக்கெல்லாம் காரின் உடல்தான் அண்ணா. அவருக்கு எஞ்சின். சட்டக எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மகள் தொலைபேசியை எடுத்தாள். "சத்தத்தைப் பதிஞ்சு தரட்டோ பெரியம்மா?"

அண்ணி சிரித்தார். "அதைக் கேட்டு நான் என்ன செய்யிறது? எனக்குச் சத்தம் தேவையில்லையடி. ஆள் வந்து சேர்ந்திட்டுது எண்டு தெரியோணும், அவ்வளவுதான்." பிறகு சொன்னார்: "கழட்டு. எதையாவது பூட்டு. ஆனால் இனி எங்கை போனாலும் வந்து சேர்ந்த உடனை எனக்கு அடிச்சுச் சொல்லோணும். பழைய எஞ்சினை எறியாதை."

திட்டத்தில் அன்று இரண்டு வரிகள் கூடின. பழைய எஞ்சினைக் கழுவி, எண்ணெய் பூசி, சுற்றிக் கட்டி வைக்க ஒரு தாங்கியும் இடமும். அதோடு மகள் தானாக ஒரு விதி போட்டாள்: காரின் உடலில் எதையும் வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை. எல்லாம் நட்டும் போல்ற்றுமாகவே. வேண்டுமானால் பழையதைத் திரும்பப் பூட்டலாம். அவள் அதைச் சொன்னபோது நான் தலையாட்டினேன், ஆனால் முழுக்க நம்பவில்லை. ஊர் வீட்டுத் திறப்பை எத்தனை பேர் இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பலாம் என்பதற்காக வைத்திருக்கும் பொருள் கராஜ் மூலையில் துருப்பிடிக்கும். ஆனாலும் அந்த விதிக்கு ஒரு பயன் உண்டு. வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கையை நிறுத்தும்.

என் பங்குக்கு நானும் பட்டியலைப் படித்தேன். நட்டுகள், எண்ணெய்கள், தாங்கிகள், எதையும் அவள் விடவில்லை. விட்டிருந்தது ஒன்றுதான். மே மாத நீண்ட வார இறுதியில், வெள்ளி பின்னேரம் தொடங்கித் திங்கள் இரவு முடிப்பது என்று போட்டிருந்தாள். அண்ணிக்குச் செவ்வாய், வியாழன், சனி இரத்தச் சுத்திகரிப்பு. மற்ற நாட்களில் அவருடைய மகன் கூட்டிக்கொண்டு போவான். சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போவது இந்தக் கார்.

ஒன்றும் சொல்லாமல், பேனையை எடுத்து, முதல் வரிக்கு மேலே எழுதினேன்: 'கார் இல்லாத நாட்களில் யாருக்கு எது தேவைப்படும்?' அவள் வாசித்துவிட்டு நெற்றியில் கைவைத்தாள். 63 வரியிலும் ஒரு மனிசரும் இல்லையே அப்பா என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு அந்த வரியைச் சொல்லித் தந்த விலை அவளுக்குத் தெரியும்.

இப்போது எனக்கு விளங்குவது இவ்வளவுதான். திட்டமிடுவது என்பது எதிர்காலத்தைத் தெரிந்துகொள்வது அல்ல. ஒக்ரோபர் 30 எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் ஒரு பொருளை யார் நம்பியிருக்கிறார்கள் என்பது எப்போதும் தெரியக்கூடியது. கேட்டால் சொல்வார்கள், பெரும்பாலும் கேட்காமலே சொல்லியிருப்பார்கள். கழற்றும் உரிமை, கழற்றத் தெரிவதால் வருவதில்லை, சொந்தக்காரராக இருப்பதாலும் முழுக்க வருவதில்லை. பூட்டவேண்டியது எல்லாம் கையில் இருக்கவேண்டும். பூட்டி முடிக்கும்வரை காத்திருப்பவர் நனையாமல் இருக்க ஏதாவது செய்திருக்கவேண்டும். அதன் பிறகும் பிசகலாம். அப்போது வரும் வருத்தத்தோடு ஒரு மனிதர் வாழமுடியும் என்று நினைக்கிறேன்.

பாஸின் சட்டப்படி, எல்லாச் சாமானும் வந்து சேரும்வரை கார் ஓடிக்கொண்டே இருக்கும். பி18 எஞ்சினும் கியர்பொக்ஸும் பெப்ரவரியில் வந்துவிட்டன. அதற்கும் அமுக்கம் பார்த்தாயிற்று, நாலும் 180க்கு மேல். கிளச் தட்டு பெட்டி உடைக்காமல் மேசையில் இருக்கிறது. அந்த மே சனிக்கிழமைக்கு என் காரை ஒதுக்கியிருக்கிறேன். அதற்கும் ஏதாவது ஆனால் யார் வருவது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.

போன கிழமை புதுத் தாங்கிகளின் இறப்பரைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, அந்த மொறிஸின்ர சத்தம் உண்மையிலை என்னவா இருந்திருக்கும்?"

எஞ்சினை இறக்கிய நாளே எனக்குத் தெரியும். முன்பக்கத் தாங்கியின் இறப்பர் ஒன்று வெடித்திருந்தது. முதல் கியரில் எடுக்கும்போது எஞ்சின் எழும்பி இரும்பில் தட்டியிருக்கும். எஞ்சினை ஜக்கில் கொஞ்சம் தூக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே அதை மாற்றியிருக்கலாம். ஒரு மணித்தியால வேலை.

அவளுக்கு அதைச் சொன்னேன். அவள் இறப்பரை மேசையில் வைத்துவிட்டு, பட்டியலை எடுத்து அந்த வரிக்கு நேரே சரியென்று அடையாளம் போட்டாள். பிறகு அடுத்த வரிக்குப் போனோம்.